காய்கறித் தோட்டத்துக்கு வலை: வியாபாரிகள் அறிய வேண்டியவை



மளிகைக் கடையிலும் காய்கறி மண்டியிலும் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தோட்டத்து வலையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பூச்சி விவசாயியின் கவலை, வலை ஹார்டுவேர் கடையின் சரக்கு, காய் மட்டுமே நம்முடையது என்று பிரித்து வைத்தே பழகிவிட்டோம். அந்தப் பிரிவினை இனி நம்மைக் காப்பாற்றாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, வலையின் வகை, அதன் கண், அது எந்தப் பயிருக்கு எப்போது உதவும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொறுப்பு கை மாறும் இடம்

2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், அதன் விதிகளோடு 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நம்மில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. வயலில் விளைந்து, இயற்கையான நிலையிலேயே இருக்கும் பொருள் விவசாயியின் கையில் இருக்கும்வரை அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராது. விவசாயி அல்லாத ஒருவர் கைக்கு மாறியதும் அது சட்டப்படி உணவுப் பொருள் ஆகிவிடுகிறது. ஒரு கூடைக் கத்தரிக்காய் டெம்போவிலிருந்து இறங்கி நம் தராசில் ஏறும் இடத்தில்தான் பொறுப்பும் நம் தலையில் ஏறுகிறது.

அதே சட்டத்தின் 27-வது பிரிவு மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி ஆகியோரின் பொறுப்பைத் தனித்தனியே சொல்கிறது. சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் விற்றவர் பொறுப்பு. பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கி விற்றாலும் விற்றவர் பொறுப்பு. ஆகவே காயில் என்ன மருந்து எவ்வளவு எச்சமாக நிற்கிறது என்பது நம் கவலையும்தான்.

இது காகிதத்தோடு நிற்கும் விஷயம் அல்ல. 2015-ல் தமிழகத்திலிருந்து போகும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று கேரளத்தில் பெரும் பேச்சு எழுந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ உள்ளவர்களின் சரக்குக்கே இடம் என்று கட்டுப்பாடு கொண்டுவர அங்கே முனைந்தார்கள். இங்கிருந்து மறுப்புச் சொன்னோம். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், லாரி வைத்திருந்தவரும் மண்டி வைத்திருந்தவரும் அந்த வாரங்களில் பட்ட பாடு உண்மை. அதற்கு முந்தைய ஆண்டு, 2014 மே 1 முதல், நம் நாட்டு மாம்பழத்தோடு கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்து நிறுத்தியது. அங்கே போன சரக்கில் பழ ஈயும் வேறு பூச்சிகளும் இருந்தன என்பது காரணம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பூச்சி இருந்தால் ஒரு சந்தை மூடுகிறது, மருந்து இருந்தால் இன்னொரு சந்தை முகம் சுளிக்கிறது. இரண்டும் இல்லாத காய் வேண்டுமென்றால் பூச்சி செடியில் உட்காருவதற்கு முன்பே அதைத் தடுக்க வேண்டும். அங்கேதான் வலை வருகிறது.

மருந்து எட்டாத இடம்

நெய்வேலி நகரியத்துக்கும் மந்தாரக்குப்பத்துக்கும் வரும் கத்தரிக்காயை வைத்தே பார்ப்போம். அதைக் கெடுப்பது தண்டு மற்றும் காய் துளைப்பான். தாய் அந்துப்பூச்சி இரவில் பறந்து வந்து இலையில் முட்டை இடுகிறது. புழு பொரித்த சில மணி நேரத்திலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். புகுந்த துளை சிறியது, விரைவில் மூடிக்கொள்ளும். நாம் காயில் பார்க்கும் பெரிய ஓட்டை, உள்ளே தின்று முடித்த புழு வெளியேறிய வழி. ஆகவே வெளியே ஓட்டை இல்லாத காயிலும் உள்ளே புழு இருக்கலாம்.

காய்க்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து தொடாது. தொடவில்லை என்பதால் விவசாயி மறுபடி தெளிக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை தெளிப்பவரும் உண்டு. தெளித்த பின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று மருந்துப் புட்டியிலேயே போட்டிருக்கிறது. ஆனால் கத்தரி சில நாளுக்கு ஒரு முறை பறித்தாக வேண்டிய காய். இந்த இடைவெளியில்தான் எச்சம் நம் கடைக்கு வந்து சேருகிறது. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் தெளிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. 2011-ல் எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் தடுத்தது. புழுவைத் தாங்கும் மரபணு மாற்றக் கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தம் அறிவித்தது. வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும்போது எளிய வழிகளைத் தேடித்தானே ஆக வேண்டும்!

வெண்டையிலும் தக்காளியிலும் தொல்லை வேறு மாதிரி. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல், தக்காளியில் இலைச் சுருட்டை என்ற இரண்டு நச்சுயிரி நோய்களையும் பரப்புவது வெள்ளை ஈ. நோய் தொற்றிய செடிக்கு மருந்தே கிடையாது. இளம் வயதில் தொற்றினால் செடி காய்ப்பதே அரிது. வெள்ளை ஈ வந்து உட்கார்ந்து சாறு உறிஞ்சிய பின் மருந்து அடிப்பது, திருடன் போன பின் கதவைப் பூட்டுவது போலத்தான்.

வலையில் நான்கு சாதி

எங்கள் மண்டிக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து காய் கொண்டுவரும் விவசாயி ஒருவர், “மொதலாளி, வலை போட்டும் செடி சுருண்டு போச்சே, இதெல்லாம் ஏமாத்து வேலைங்களா?” என்று கேட்டார். “என்ன வலை போட்டீங்க?” என்றோம். “பச்சை வலைங்க, நல்ல கனமான வலை” என்றார். அவர் போட்டது நிழல் வலை. வெயிலைக் குறைக்கும் வலையைப் பூச்சிக்குப் போட்டால் அது என்ன செய்யும்? இந்தக் குழப்பம் விற்கிறவர்களிடமும் இருப்பதால் வகைகளைத் தெளிவாகச் சொல்கிறோம்.

நிழல் வலை: பச்சை அல்லது கறுப்பு நிறம். 35, 50, 75 சதவீதம் என்று சொல்லி விற்பார்கள். அந்தச் சதவீதம் தடுக்கும் வெயிலின் அளவைக் குறிக்கிறது. வெள்ளை ஈ அதன் இடைவெளியில் தாராளமாக நுழையும்.

பறவை வலை: அரை அங்குலம், முக்கால் அங்குலம் எனக் கண் பெரிதாக இருக்கும். மயில், கிளி, அணில் தொல்லைக்கு ஆகும். பூச்சிக்கு ஆகாது.

கொசுவலை: சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் என்பது பரவலான அளவு. நீளத்தில் 12, அகலத்தில் 13 கண் என்று வைத்துக்கொள்ளலாம். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி, பழ ஈ ஆகியவற்றை இதுவே நிறுத்தும். வெள்ளை ஈயை நிறுத்தாது. வீட்டுக் கொசுவலைத் துணி வெயிலில் சீக்கிரம் நைந்து போகும்.

பூச்சி வலை: வெள்ளை நிறத்தில், மெல்லிய பாலிதீன் இழையில் நெய்தது. 40 மெஷ், 50 மெஷ் என்று எண் சொல்லி விற்பார்கள். வெயிலைத் தாங்கும்படி புற ஊதாக் கதிர்த் தடுப்புச் சேர்த்திருப்பார்கள். வெள்ளை ஈக்கு உரியது இதுதான்.

கண் கணக்கு

மெஷ் என்றால் மிரள வேண்டாம். ரவைச் சல்லடைக்கும் மாவுச் சல்லடைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் என்பதே மெஷ். எண் கூடினால் கண் சிறியது.

ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 40 மெஷ் வலையில் ஒரு கண்ணுக்கும் ஓர் இழைக்கும் சேர்த்துக் கிடைப்பது 0.63 மில்லிமீட்டர். இழையின் கனத்தைக் கழித்தால் திறப்பு சுமார் 0.4 மில்லிமீட்டர். 50 மெஷ்ஷில் அது 0.3-க்கு அருகே இறங்கும். வெள்ளை ஈயின் உடல் அகலமும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதனால் 40 மெஷ் அதன் வரவைக் குறைக்கும், 50 மெஷ் பெரும்பாலும் நிறுத்தும். தக்காளி இலைச் சுருட்டைக்காக இஸ்ரேல் நாட்டு விவசாயிகள் 1990-களில் 50 மெஷ்ஷுக்கு மாறியதும் இதனால்தான். மிளகாயைத் தாக்கும் இலைப்பேன் இன்னும் ஒல்லி. அதற்கு இவையும் போதாது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் மிக நெருக்கமான வலையையே போட்டால் என்ன? போடலாம், ஆனால் கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றும் குறையும். நம் ஊர்க் கத்தரி வெயிலில் உள்ளே செடி வெந்துவிடும். பூச்சியின் அளவுக்கு வலை, அதற்கு மேல் வேண்டாம்.

எந்தப் பயிருக்கு எப்படி?

முதல் இடம் நாற்றங்காலுக்கு. ஓர் ஏக்கர் தக்காளி நடவுக்கு வேண்டிய நாற்றை ஒரு சென்ட் இடத்தில், அதாவது சுமார் 40 சதுர மீட்டரில் வளர்த்துவிடலாம். ஏக்கர் முழுவதையும் வலையால் மூடுவது எல்லோராலும் ஆகாது. ஒரு சென்ட்டை மூடுவது யாராலும் ஆகும். தக்காளி நாற்று 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 40 நாள் வரை நாற்றங்காலில் நிற்கும். அந்த நாள்களில் 40 அல்லது 50 மெஷ் வலைக்குள் இருந்தால், நடவுக்குப் போகும் நாற்று நோயில்லாமல் போகும். கொடுக்கிற காசுக்கு அதிகப் பலன் இங்கேதான்.

வெண்டையை நேரடியாக விதைப்பதால் நாற்றங்கால் இல்லை. பாத்தி மேல் கம்பியையோ மூங்கில் பிளாச்சையோ வில்லாக வளைத்து, முதல் 30 நாள் மட்டும் வலை போர்த்தலாம். செடி உயர்ந்ததும் எடுத்துவிடலாம்.

தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவற்றில் ஒரே பூவில் ஆண், பெண் இரண்டு பாகமும் உண்டு. வலைக்குள்ளும் காய் பிடிக்கும். காலையில் செடியை லேசாக அசைத்துவிட்டால் நல்லது. கீரை, முள்ளங்கிக்கு அந்தக் கேள்வியே இல்லை.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பூசணி ஆகியவை வேறு. ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீ வந்தால்தான் காய். பந்தல் முழுவதையும் வலையால் மூடினால் பூச்சியும் வராது, காயும் வராது! இவற்றுக்குப் பிஞ்சு பிடித்த பின் காய்க்கு மட்டும் வலைப் பையோ காகிதப் பையோ மாட்டிப் பழ ஈயைத் தடுக்க வேண்டும். நகரியத்துக் குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் இரண்டு, மூன்று கொடி வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. கடையில் வலை கேட்டு வருபவரிடம் “என்ன பயிருக்கு?” என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதிப் புகார் குறைந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கு ஏற்ற அமைப்பு

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்குப் புயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரி மரங்களையே வேரோடு சாய்த்தது. உயரமான வலைக் குடில் அமைப்பவர் அதற்கேற்ற தூண், அடித்தளம் எல்லாம் போட வேண்டும். சிறு விவசாயிக்கு இடுப்பளவு உயரக் கூண்டே பொருத்தம். புயல் எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்தில் சுருட்டி எடுத்துவிடலாம்.

வெயிலுக்கும் ஒரு வழி உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில், முட்டைக்கோஸ் பாத்திகளை மாலையில் வலையால் மூடிப் பகலில் திறந்துவிட்டுப் பயிர் செய்து பார்த்தார்கள். அந்துப்பூச்சி இரவில்தானே வருகிறது! மருந்துத் தேவை குறைந்தது, செடியும் வாடவில்லை. இரவில் பறக்கும் பூச்சிக்கு இந்த முறை ஏற்கும். பகலில் திரியும் வெள்ளை ஈக்கு ஏற்காது.

இன்னும் இரண்டு குறிப்புகள். தூசி படிந்தால் கண் அடைபடும், அவ்வப்போது தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். பறவை வலையைத் தரையில் போட்டு வைத்தால் சாரைப்பாம்பு சிக்கிச் செத்துப்போகும். எலியைப் பிடிக்கும் சாரை விவசாயிக்குக் கூலி கேட்காத வேலையாள். வேலை முடிந்த வலையைச் சுருட்டி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

வலையால் ஆகாதவை

வலை கதவு மட்டுமே. உள்ளே ஏற்கெனவே இருக்கும் பூச்சியை அது கொல்லாது. அசுவினியோ சிலந்திப்பேனோ இருக்கும் பாத்தியை மூடினால், அவற்றைத் தின்னும் பொறிவண்டும் உள்ளே வர முடியாமல், தொல்லை பெருகும். ஆகவே விதைத்த அன்றே மூட வேண்டும். ஓரங்களை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். இலை வலையில் உரசக் கூடாது. களை எடுத்ததும் மறக்காமல் மூட வேண்டும். ஒரு முழம் கிழிசல் இருந்தால் மொத்த வலையும் வீண்.

கத்தரியில் நாற்றங்கால் வலையோடு வேறு வேலையும் உண்டு. வாடித் தொங்கும் குருத்தை வாரம் ஒரு முறை கிள்ளி அழிக்க வேண்டும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும். பழைய கத்தரிச் செடியை விறகுக்காக வயலோரம் அடுக்கக் கூடாது. அதிலிருந்தே அடுத்த தலைமுறை அந்து கிளம்பும்.

வியாபாரியின் கணக்கு

இவ்வளவு சிரமப்பட்ட காய்க்கும் சாதாரணக் காய்க்கும் ஒரே விலை வைத்தால் அந்த விவசாயி அடுத்த போகம் வலை போடுவாரா? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கிலோ 20 ரூபாய் வீதம் 100 கிலோ கத்தரி 2,000 ரூபாய்க்கு வாங்குகிறோம். சொத்தை 20 கிலோ போனால் விற்கக் கிடைப்பது 80 கிலோ. அடக்கம் கிலோ 25 ரூபாய். இன்னொருவரிடம் கிலோ 22 வீதம் 2,200 ரூபாய்க்கு வாங்குகிறோம். சொத்தை 5 கிலோதான். 95 கிலோவுக்கு அடக்கம் கிலோ 23 ரூபாய் 16 காசு. இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் நமக்குக் கிலோவுக்கு 1 ரூபாய் 84 காசு மிச்சம். வாடிக்கையாளரின் முகச்சுளிப்பு இல்லாதது தனி லாபம்.

நாம் செய்ய வேண்டியவை

1. கொள்முதல் நோட்டில் யாரிடம், எந்த ஊரில், எந்தத் தேதியில் வாங்கினோம் என்று எழுதுவோம். சட்டத்துக்கு அதுவே முதல் சாட்சி.

2. கடைசியாக மருந்து தெளித்த நாளைக் கேட்டு அதையும் எழுதுவோம். கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே தெளிப்பவர் யோசிப்பார்.

3. வலை போட்டு விளைந்த காயைத் தனிக் கூடையில் இறக்கி, கழிவைக் கழித்து விலை பேசுவோம். மற்றதோடு கலக்க வேண்டாம்.

4. வலை விற்பவர்கள் வகையையும் மெஷ்ஷையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். அட்டையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி வலை மேல் வைத்து, லென்ஸ் வழியாக நீளத்திலும் அகலத்திலும் எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் 40 இருந்துவிட்டு மறுபக்கம் குறைவாக வருவதும் உண்டு. கட்டை விரலால் அழுத்தி இழுத்தால் இழை நகரும் வலையை வாங்காதீர்கள்.

5. சந்தேகம் வந்தால் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையமும் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மானியத்தில் வலைக் குடில் அமைக்க விரும்பும் விவசாயிகளைத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அந்த ஆண்டுக்கான விதிகளை அங்கேதான் கேட்க வேண்டும்.

நெய்வேலி வாங்கித் தின்னும் ஊர். 1956-ல் நிலக்கரி நிறுவனம் பிறந்ததிலிருந்து, சுற்றுவட்டாரக் கிராமங்கள் விளைவிப்பதை நாம் வாங்கிக் கொடுக்கிறோம், நகரியத்துக் குடும்பங்கள் நம்மை நம்பிச் சாப்பிடுகின்றன. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அரைக் கிலோ கத்தரி வாங்குபவர் அது விளைந்த வயலைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைப் பார்த்து வாங்குகிறார். அந்த வயலை அவருக்காகப் பார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். இந்தப் பட்டத்தில் ஆளுக்கு ஒரு விவசாயியிடமாவது ஒரு சென்ட் நாற்றங்காலுக்கு வலை போடச் சொல்வோம். விளைந்து வரும்போது உரிய விலையும் கொடுப்போம்.